சுவிஸ் பயணமும் செல்லாத அட்டையும்: ஒப்பந்தம் இல்லாத பத்து மாதங்களில் ஒரு நிகழ்வு

பின்னணி

2020 டிசெம்பர் 31 இரவு 11 மணி வரை பிரித்தானியாவில் வசிப்பவர்கள் ஈஎச்ஐசி என்ற ஐரோப்பிய சுகாதார அட்டையோடு ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும், நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன், சுவிற்சர்லாந்துக்கும் போய்வந்தார்கள். போன இடத்தில் திடீரென்று நோய் வந்தால், உள்ளூர்க்காரருக்கு அரச காப்புறுதியின் கீழ் என்ன கட்டணமோ அதே கட்டணத்தில் வைத்தியம் கிடைக்கும். மிச்சத்தை நாடுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும்.

அந்த இரவோடு பிரெக்சிட் இடைக்காலம் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த புதிய உடன்படிக்கையில் இந்த வசதி தொடர்ந்தது. ஜிஎச்ஐசி என்ற புதிய அட்டையும் வந்தது. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் அதில் அச்சிட்ட திகதி வரை அதையே பாவிக்கலாம் என்று அறிவித்தார்கள். ஆனால் சுவிஸ் ஒன்றியத்தில் உள்ள நாடு அல்ல. அதனோடு தனியாகச் செய்த உடன்படிக்கை 2021 நவெம்பர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பத்து மாதங்கள், 2020 முடிவதற்குள்ளேயே உரிமை பெற்றிருந்த சிலரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த அட்டை சுவிஸில் வெறும் பிளாஸ்டிக் துண்டு.

இப்படி நடப்பது இதுவே முதல் தடவையும் அல்ல. 2009 மார்ச் 31இல் ஜேர்சி, குவேர்ன்சி தீவுகளுடன் இருந்த ஒப்பந்தம் முடிந்தபோது இங்கிலாந்திலிருந்து அங்கே விடுமுறைக்குப் போனவர்கள் இதே நிலையில் நின்றார்கள். ஜேர்சிக்கு 2011 ஏப்ரிலில் புதிய ஒப்பந்தம் வந்தது. குவேர்ன்சிக்கு 2023 ஜனவரி வரை எதுவும் இல்லை. அந்தத் தீவுகளை “உள்நாடு” என்று வரையறுத்த பயணக் காப்புறுதிகளும் இருந்தன. உள்நாட்டுப் பயணத்துக்கு வைத்தியச் செலவு தேவையில்லை என்ற கணக்கில், அவற்றை வாங்கியவர்களுக்கு இரண்டு பக்கத்தாலும் ஒன்றும் கிடைக்காத நிலை.

இங்கே பதிவாவது 2021 செப்டெம்பரில் நடந்தது. லண்டனில் வசிக்கும் தமிழ்க் கணவன் மனைவி. கணவருக்கு 66 வயது, மனைவிக்கு 61. இருவரும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள். மனைவியின் தம்பி பல வருடங்களாகப் பேர்ண் மாநிலத்தில் இருக்கிறார். அவருடைய மகளின் திருமணத்துக்காகப் பயணம்.

முதலில் தெரிந்தவை

ஜூலை முதல் வாரத்தில் குடும்பம் பயணக் காப்புறுதி பற்றி எங்களிடம் ஆலோசனைக்கு வந்தபோது அவர்களின் கவலை முழுவதும் கணவரைப் பற்றியதுதான். 2016இல் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். சலரோகம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் மருந்து எடுப்பவர். மனைவி “எனக்கு ஒன்றும் இல்லை, இவரைப் பாருங்கோ” என்றார்.

கையில் இருந்தவை மூன்று. 2023 வரை செல்லும் என்று அச்சிட்ட இரண்டு ஈஎச்ஐசி அட்டைகள். மாதக் கட்டணம் கட்டும் வங்கிக் கணக்கோடு சேர்ந்து வரும், ஐரோப்பா முழுவதற்குமான வருடாந்தப் பயணக் காப்புறுதி. அந்தக் காப்புறுதியின் விதிப் புத்தகம், உறை பிரிக்காமல்.

அட்டையில் உள்ள திகதிதான் பெரிய பொறி. அந்தத் திகதி அட்டையின் ஆயுளைச் சொல்கிறதே தவிர, எந்த நாட்டோடு ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அட்டை 2023 வரை பாரிஸில் செல்லும். அதே அட்டை 2021 செப்டெம்பரில் பேர்ணில் செல்லாது. இதைக் கேட்டதும் கணவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாடுகளின் பட்டியல் அதில் எங்கும் இல்லை.

வங்கிக் காப்புறுதியின் விதிப் புத்தகத்தில் கவனிக்க வேண்டியவை மூன்று இருந்தன. “ஐரோப்பா” என்ற வரையறைக்குள் சுவிஸ் இருந்தது, அது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்கள் தொலைபேசியில் சொல்லிப் பதியப்பட்டால் மட்டுமே சேரும்; இருவரும் இதுவரை எதையும் பதியவில்லை. மூன்றாவது, சுகாதார அட்டையைக் காட்டிச் செலவைக் குறைத்தால், கோரிக்கையில் நாங்கள் முதலில் கட்ட வேண்டிய எக்சஸ் தொகை தள்ளுபடி. சுவிஸுக்கு அட்டை செல்லாததால் அந்தத் தள்ளுபடியும் இல்லை.

ஒப்பந்தம் முடிந்ததால் உண்மையில் மாறுவது எது என்பதைக் குடும்பத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. அட்டை இருந்த காலத்திலும் அது லண்டனுக்கு நோயாளியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவைக் கொடுத்ததில்லை. தனியார் மருத்துவமனை, மலையில் மீட்பு, கூட வந்தவரின் தங்குமிடம் எதற்கும் அது உதவியதில்லை. ஆனால் ஒரு பெரிய வேலையைச் செய்தது. நோயை மறைத்தோ மறந்தோ காப்புறுதி வாங்கியவருக்கும் மருத்துவமனைச் செலவின் பெரும்பகுதியை அது தாங்கியது, ஏனென்றால் அட்டை பழைய நோய் உண்டா என்று கேட்பதில்லை. அந்தத் தாங்கல் போனபின் செலவு முழுவதும், முதல் சுவிஸ் பிராங்கிலிருந்து கடைசி பிராங்க் வரை காப்புறுதி நிறுவனத்தின் கையில். அந்த நிறுவனம் பார்ப்பது குடும்பவைத்தியரின் பதிவை.

பதிவில் இருந்த இரண்டு வரிகள்

அதனால் காப்புறுதி நிறுவனத்தை அழைப்பதற்கு முன் இருவரின் மருத்துவப் பதிவையும் எடுத்துப் படிக்கச் சொல்லப்பட்டது. பிரித்தானிய அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் செயலியில் அப்போது சாதாரணமாகத் தெரிந்தது மருந்துகளும் ஒவ்வாமையும்தான். ஆலோசனைக் குறிப்புகளைப் பார்க்க, விரிவான பதிவைத் திறந்துவிடும்படி வைத்தியரின் அலுவலகத்தைக் கேட்க வேண்டியிருந்தது, அல்லது பிரதி கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. ஒரு மாதம் வரை எடுக்கலாம், ஆகவே நேரத்தோடு கேட்பது நல்லது.

கணவரின் பதிவில் எதிர்பாராதது எதுவும் இல்லை. மனைவியின் பதிவில், ஜூன் மாதத் தொலைபேசி ஆலோசனையின் கீழ் இரண்டு வரிகள் இருந்தன: எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது மேல்வயிற்றில் வலி, பித்தக்கல்லாக இருக்கலாம்; ஸ்கானுக்கு அனுப்பப்பட்டது.

அவர் அதை வாய்வு என்றுதான் நினைத்திருந்தார். ஓமத்தண்ணீர் குடித்தால் போய்விடும் என்று விட்டுவிட்டார். ஸ்கான் கடிதம் இன்னும் வரவில்லை. அவரைப் பொறுத்தவரை அது நோயே அல்ல. காப்புறுதிக் கேள்வித்தாளைப் பொறுத்தவரை அது எல்லாவற்றிலும் மோசமான நிலை. “பரிசோதனை எதற்காவது காத்திருக்கிறீர்களா?” என்ற கேள்விக்கு ஆம் என்றால், பெயர் வைக்காத நோய்க்கு விலை போட முடியாது என்று பெரும்பாலான நிறுவனங்கள் அதை விலக்கிவிடும் அல்லது முழுமையாக மறுக்கும். இல்லை என்று சொன்னால் பதிவு பொய் என்று காட்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஸ்கானைப் பயணத்துக்கு முன் செய்வது. என்எச்எஸ் திகதி செப்டெம்பருக்குப் பின்னால்தான் கிடைக்கும் என்று தெரிந்ததால் தங்கள் செலவில் செய்தார்கள். பித்தப்பையில் பல சிறு கற்கள், பித்தக்குழாய் வீங்கவில்லை என்று அறிக்கை வந்தது. பெயர் தெரிந்த நோயைக் காப்புறுதிக்கு எடுத்துச் செல்ல முடியும்.

அடுத்து குடும்பவைத்தியர் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்ப விரும்பினார். தம்பதியின் மகள் கேட்டார்: அந்தக் கடிதத்தைப் பயணம் முடியும்வரை தள்ளிப்போடச் சொன்னால் பிரீமியம் குறையாதா? குறையலாம். ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்லப்பட்டது. காரணம் இரண்டு. வைத்தியரோடு நடந்த பேச்சே பதிவில் விழுந்துவிடும். பின்னர் பார்ப்பவருக்கு அது காப்புறுதிக்காகத் தள்ளியதாகத் தெரியும். அதைவிட முக்கியம், சத்திரசிகிச்சைக்கான வரிசை நீளமாக இருந்த அந்தக் காலத்தில் காத்திருப்பைத் தொடங்காமல் இருப்பது அவருடைய உடம்புக்குக் கேடு. அந்தப் பரிந்துரை அனுப்பப்பட்டது. “நிபுணரைச் சந்திக்கக் காத்திருக்கிறேன்” என்பதும் காப்புறுதியிடம் சொல்லப்பட்டது.

வங்கிக் காப்புறுதி கணவரை மேலதிகக் கட்டணத்தோடு ஏற்றது. மனைவியை ஏற்கவில்லை. 2021 ஏப்ரில் 21 முதல் பிரித்தானியாவில் ஒரு விதி இருக்கிறது: நோயைக் காரணம் காட்டி மறுக்கும் நிறுவனமும், அதற்காக (அப்போதைய விதிப்படி) 100 பவுணும் அதற்கு மேலும் கூட்டும் நிறுவனமும், கடுமையான நோயுள்ளவர்களை ஏற்கும் நிறுவனங்களின் பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். மறுப்பைத் தொலைபேசியில் கேட்டு வைத்துவிடாமல் அந்தப் பட்டியலையும் வாங்கிக்கொள்வது நல்லது. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்கப்பட்டது.

தெரிவு செய்தது நடுவில் உள்ள விலை. மிகக் குறைந்த விலையில் பித்தப்பை விலக்கப்பட்டிருந்தது. அது அவருக்குத் தேவையான ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காப்புறுதி. எடுத்ததில் வைத்தியச் செலவின் உச்சவரம்பு 50 இலட்சம் பவுண், எக்சஸ் 250 பவுண், பித்தக்கல் பெயரோடு சேர்க்கப்பட்டிருந்தது. கேள்விகளும் பதில்களும் அச்சிட்ட மருத்துவப் பரிசோதனைச் சான்று ஒன்றும் வந்தது. அதை வரி வரியாகப் படித்து, பதிவோடு ஒப்பிட்டு, ஒரு மருந்தின் அளவு பிழையாக இருந்ததைத் திருத்தினார்கள்.

பிரித்தானியச் சட்டத்தில் 2013 ஏப்ரில் முதல், வாங்குபவர் கேட்ட கேள்விக்குக் கவனத்தோடு பதில் சொல்ல வேண்டும். கேட்காததைத் தானாகச் சொல்லும் கடமை இல்லை. கவனக்குறைவால் பிழையான பதில் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 100 பவுண் கட்டியவர் சரியாகச் சொல்லியிருந்தால் 200 கட்டியிருக்க வேண்டும் என்றால், கோரிக்கையில் பாதிதான் கிடைக்கும். சரியாகச் சொல்லியிருந்தால் நிறுவனம் காப்புறுதியே கொடுத்திருக்காது என்றால், அந்தக் கோரிக்கைக்கு எதுவும் கிடைக்காது. மனைவி வங்கிக் காப்புறுதியோடு மட்டும் போயிருந்தால் இந்த இரண்டாவது இடத்தில்தான் நின்றிருப்பார்.

நகையைப் பற்றியும் ஒரு சொல். கலியாணத்துக்குக் கொண்டுபோகும் தாலிக்கொடியும் வளையல்களும் ஒரு பொருளுக்குச் சில நூறு பவுண் என்ற பயணக் காப்புறுதி வரம்புக்குள் அடங்குவதில்லை. அவற்றை வீட்டுக் காப்புறுதியில் தனியாகச் சேர்த்தார்கள்.

பயணப் பையில் வைக்கச் சொன்னவை: பதிவின் சுருக்கம், பரிசோதனைச் சான்று, ஸ்கான் அறிக்கை, காப்புறுதியின் 24 மணி நேர அவசர இலக்கம், திட்டமிட்ட நாட்களைவிட இரண்டு வாரம் கூடுதலான மருந்து. வெளிநாட்டமைச்சு பயணம் வேண்டாம் என்று அறிவித்தால் காப்புறுதி செல்லாது என்பதால் புறப்படும் நாள் காலையிலும் அதைப் பார்க்கச் சொல்லப்பட்டது. சுவிஸ் ஓகஸ்ட் 30இல் பிரித்தானியாவின் பச்சைப் பட்டியலுக்கு, அதாவது கொவிட் ஆபத்துக் குறைந்த நாடுகளின் பட்டியலுக்கு, வந்திருந்தது. திரும்பும்போது மூன்று நாளுக்குள் எடுத்த கொவிட் பரிசோதனை இன்னும் தேவைப்பட்டது.

வைத்தியசாலையில்

சனிக்கிழமை திருமணம் நல்லபடி நடந்தது. ஞாயிறு இரவு மனைவிக்கு வலது மேல்வயிற்றில் வலி தொடங்கி, முதுகுக்குப் பரவி, நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தது. தம்பி காரிலேயே அருகிலுள்ள சிறு வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் செய்து பித்தப்பை அழற்சி என்று சொன்னார்கள். திங்கள் விடிய அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள்.

பெரிய வைத்தியசாலையின் அனுமதிப் பிரிவு கேட்டது கொஸ்டன்குட்ஸ்பிராஹே. சுவிஸில் இருப்பவர்களுக்குப் பழகிய சொல் இது: செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று காப்புறுதி நிறுவனம் வைத்தியசாலைக்கு எழுத்தில் கொடுக்கும் உறுதி. அட்டை செல்லும் காலத்தில் அட்டையே அந்த வேலையைச் செய்திருக்கும். இப்போது உறுதிக் கடிதம் வராவிட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் 10,000 பிராங்க் வைப்புப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். அவசர வைத்தியத்தை இதற்காக நிறுத்தவில்லை; சேலைனும் அன்டிபயோடிக்கும் ஏறிக்கொண்டே இருந்தன.

தம்பி கடனட்டையை எடுத்துவிட்டார். “அக்காவுக்குத் தனி அறை போடுங்கோ, நான் கட்டுறன்” என்றார். அன்பில் சொன்னது. ஆனால் அதில் இரண்டு ஆபத்து. சுவிஸ் வைத்தியசாலைகளில் பொது, அரைத் தனியார், தனியார் என்று மூன்று வகுப்பு உண்டு. காப்புறுதி ஏற்றது பொதுவை மட்டும். வகுப்பை உயர்த்தினால் அறை வாடகை மட்டும் கூடுவதில்லை, வைத்தியர் கட்டணமும் மாறுகிறது. இரண்டாவது, பணம் கட்டும் பொறுப்பு யாருடையது என்ற படிவத்தில் தம்பி கையெழுத்திட்டால், பின்னர் பில் அவர் பெயருக்கு வரும். கணவர் தொலைபேசியில் ஆலோசனை கேட்டபின், பொது வகுப்பு என்று எழுதி, பொறுப்பாளராக நோயாளியின் பெயரையே போட்டார்கள்.

உறுதிக் கடிதம் வந்த விதம்

காப்புறுதியின் அவசர இலக்கத்துக்குத் திங்கள் காலை 7 மணிக்கு அழைத்தார்கள். அவர்கள் கேட்டவை: காப்புறுதி இலக்கம், கடவுச்சீட்டு, வைத்தியசாலையின் அறிக்கை, குடும்பவைத்தியரின் விபரம், பதிவைப் பார்ப்பதற்கு நோயாளியின் எழுத்துச் சம்மதம். வழக்கமாகத் தாமதம் ஏற்படுவது குடும்பவைத்தியரிடமிருந்து பதிவு வரும் இடத்தில்தான். இங்கே பதிவின் சுருக்கமும் ஸ்கான் அறிக்கையும் பரிசோதனைச் சான்றும் படமெடுத்து அப்போதே அனுப்பப்பட்டன. பித்தக்கல் சொல்லப்பட்டிருக்கிறது, ஏற்கப்பட்டிருக்கிறது என்பதை அழைப்பை எடுத்தவர் அங்கேயே பார்த்தார்.

மதியம் நிறுவனத்தின் வைத்தியர் ஒரு கேள்வி எழுப்பினார்: அன்டிபயோடிக்கில் அடக்கி, லண்டனுக்குக் கொண்டுவந்து அங்கே வெட்டினால் ஆகாதா? இது பணத்துக்காக மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. அவசியமான வைத்தியம் எது என்று அவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் குடும்பம் நடுவில் நின்று ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் மொழிபெயர்க்கத் தொடங்கியது. இரண்டு தடவை தகவல் மாறிப் போனது. பிறகு சத்திரசிகிச்சை வைத்தியரின் நேரடி இலக்கத்தை வாங்கிக் கொடுத்து, இரு வைத்தியர்களும் தாங்களே பேசட்டும் என்று விட்டார்கள். அழற்சியோடு நாட்களைக் கடத்தினால் சத்திரசிகிச்சை கடினமாகும் என்பது அங்குள்ளவரின் கருத்து. பிரித்தானியாவில் வைத்திய வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியும் கண்டுபிடித்த ஒரு வாரத்துக்குள் பித்தப்பையை எடுக்கவே சொல்கிறது. காப்புறுதி வைத்தியர் ஒத்துக்கொண்டார்.

செவ்வாய் காலை உறுதிக் கடிதம் வைத்தியசாலைக்கு வந்தது. வைப்புப் பணம் கட்டவில்லை. அன்று மாலை துளைவழிச் சத்திரசிகிச்சை நடந்தது. வெள்ளிக்கிழமை மனைவி தம்பியின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

திரும்பி வருதல்

திரும்பும் விமானம் போய்விட்டது. மனைவியின் காப்புறுதி திட்டமிட்ட திரும்பும் நாளோடு முடிய வேண்டியது. ஏற்கப்பட்ட நோயால் தாமதமானால் அது தானாக நீளும் என்று விதியில் இருந்தாலும், அதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக் கேட்டார்கள். கணவர் வேறு நிறுவனத்தில் இருந்ததால் குழப்பம் வந்தது: அவருடைய கூடுதல் நாட்களின் செலவு யார் பொறுப்பு? கூட இருப்பவரின் செலவை நோயாளியின் காப்புறுதிதான் கொடுக்கும். கணவரின் வருடாந்தக் காப்புறுதியில் ஒரு பயணத்துக்கு 31 நாள் என்ற எல்லை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது, அது தாண்டவில்லை.

பயணச்சீட்டைத் தாங்களாக மாற்றவில்லை. விமானத்தில் போகலாம் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரின் கடிதம் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, அவர்களே புதிய திகதி போட்டார்கள். தாங்களாக வாங்கியிருந்தால் அந்தச் செலவு விவாதத்துக்குள் போயிருக்கும். எடுத்த கொவிட் பரிசோதனை காலாவதியானதால் மீண்டும் எடுத்தார்கள், பயணி விபரப் படிவமும் புதிதாக நிரப்பினார்கள். அடுத்த புதன்கிழமை லண்டன் வந்து சேர்ந்தார்கள். கணவரின் மருந்து அதுவரை போதுமாக இருந்தது.

கோரிக்கையும் பில்களும்

வைத்தியசாலைக் கட்டணம் நிறுவனத்திலிருந்து நேராகப் போனது. ஒக்டோபரில் கோரிக்கைப் பிரிவு ஒரு கடிதம் அனுப்பியது: நோயாளி ஈஎச்ஐசி வைத்திருந்தும் ஏன் காட்டவில்லை? சுவிஸுடன் ஒப்பந்தம் முடிந்தது அவர்களின் சொந்தப் படிவத்துக்கே எட்டியிருக்கவில்லை. 2021 செப்டெம்பரில் சுவிஸில் அட்டை செல்லாது, 2020 டிசெம்பர் 31உடன் அந்த ஏற்பாடு முடிந்தது என்று திகதிகளோடு ஒரு பக்கத்தில் பதில் எழுதப்பட்டது. அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. குடும்பவைத்தியரின் பதிவையும் வரவழைத்தார்கள். ஜூன் மாத வரிகள், ஜூலை ஸ்கான், நிபுணருக்கான பரிந்துரை எல்லாம் சான்றில் சொன்னபடியே இருந்தன. எக்சஸ் 250 பவுணைக் கழித்துக் கோரிக்கை தீர்ந்தது.

தீராமல் இருந்தது அம்புலன்ஸ். சுவிஸில் அம்புலன்ஸ் தனி பில். வைத்தியசாலைக் கணக்கில் அது சேராது. நோயாளியின் முகவரியாகத் தம்பியின் வீடு எழுதப்பட்டிருந்ததால் பில் அங்கே போனது. விளம்பரத் தபாலோடு கிடந்து, மானுங் என்ற நினைவூட்டல் கடிதம் வந்தபிறகுதான் கவனித்தார்கள். அதையும் விட்டிருந்தால் அடுத்தது பெற்றைபுங் என்ற கடன் வசூல் நடவடிக்கை. அங்கே வசிப்பவருக்கு வீடு வாடகைக்கு எடுக்கும்போதுகூட அந்தப் பதிவு தடையாக நிற்கும். பில்லையும் மாற்றிய வைத்தியசாலையின் கடிதத்தையும் காப்புறுதிக்கு அனுப்பினார்கள். நினைவூட்டல் கட்டணத்தைத் தம்பியே கட்டினார். மிச்சத்தை நிறுவனம் கொடுத்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

காப்புறுதியை முதல் வைத்தியசாலையிலிருந்தே, ஞாயிறு இரவே அழைத்திருக்க வேண்டும். இலக்கம் பையில் இருந்தது. விடியட்டும் என்று காத்திருந்தார்கள். 24 மணி நேர இலக்கம் இரவு 2 மணிக்கும் எடுக்கப்படும். அந்த ஆறு ஏழு மணித்தியாலம் முன்னதாகக் கிடைத்திருந்தால் வைப்புப் பணப் பேச்சே வந்திருக்காது.

இரண்டு பேருக்கும் ஒரே நிறுவனம் கிடைத்திருந்தால், விலை சற்றுக் கூடினாலும், அதுவே நல்லது. திரும்பும் பயணத்தின் குழப்பம் முழுவதும் இரண்டு நிறுவனங்களால் வந்தது.

பில் முகவரி அனுமதிப் படிவத்திலேயே லண்டன் முகவரியாக இருக்க வேண்டும், மின்னஞ்சலோடு. அம்புலன்சில் ஏறியிருந்தால், பில் வராவிட்டாலும் ஒரு மாதத்தில் தாங்களே கேட்டு எடுக்க வேண்டும்.

பதிவின் சுருக்கத்தை ஜெர்மனில் ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கலாம். தம்பியின் மகள் தாதியாக வேலை செய்கிறார். கேட்டிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும்.

2021 நவெம்பர் 1க்குப் பிறகு

புதிய உடன்படிக்கையின் பிறகு அதே நோய் வந்திருந்தால் கணக்கு வேறு. அட்டையைக் காட்டும் வயதுவந்தவர் 30 நாள் வைத்தியத்துக்கு 92 பிராங்க், வைத்தியசாலையில் தங்கும் நாளுக்கு 15 பிராங்க் கட்டுவார். அம்புலன்சில் பாதி தன் பொறுப்பு. தங்குமிடமும் மாற்றிய விமானமும் அப்போதும் காப்புறுதிக்குத்தான். அட்டை வீட்டில் மறந்துபோனால், என்எச்எஸ் சேவை நிறுவனத்தை அழைத்து அதற்குப் பதிலான தற்காலிகச் சான்றை வைத்தியசாலைக்கு அனுப்பச் செய்யலாம். அட்டை இலவசம், பணம் கேட்கும் இணையத்தளம் அரசினுடையது அல்ல. நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைனுக்கு அட்டை 2024 ஜனவரியிலிருந்து செல்கிறது.

எங்கள் குடும்பங்களுக்கு இதில் ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது. சுவிஸில் அட்டை செல்வது பிரித்தானிய, சுவிஸ், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், அகதிகளுக்கும், நாடற்றவர்களுக்கும், இவர்களில் ஒருவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும். இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு பிரித்தானியாவில் நிரந்தர வதிவிடம் பெற்று, இந்த வகைகளில் எதிலும் சேராதவர் அட்டையைக் கையில் வைத்திருந்தாலும் சுவிஸில் அது அவருக்கு உதவாது. அவருக்கு ஷெங்கன் விசாவும் வேண்டும். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வைத்தியச் செலவைத் தாங்கும் காப்புறுதி காட்ட வேண்டும். விசாவுக்காகவே விற்கப்படும் மலிவான காப்புறுதிகளில் பல, பழைய நோய்களை விலக்கிவிடுகின்றன. விசா அதிகாரி தொகையைப் பார்ப்பார், விலக்குகளைப் பார்க்க மாட்டார். அதை வாங்கியவர் சலரோகமோ இதய நோயோ உள்ளவராக இருந்தால், விசா கிடைத்தபின் தன் நோய்கள் பெயரோடு சேர்ந்த இரண்டாவது காப்புறுதியை, பயணம் தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும்.